எம். பி. சீனிவாசன்

எம். பி. சீனிவாசன் (செப்டம்பர் 19, 1925 - மார்ச் 9, 1988) தமிழ், மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். சேர்ந்திசைக் குழுக்களை உருவாக்கி நடத்தியவர். சென்னைத் திரையிசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் கண்டவர். எம்.பி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்பட்டார். கேரளத்தில் இசையமைப்பாளராகப் பெரும்புகழ் பெற்ற இவரைத் தமிழ்நாட்டில் பொது மக்களைவிட, ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலினும் குழலும் வாசித்துப் பிழைத்த கலைஞர்களே அதிகம் அறிந்திருந்தனர்.

பெயரும் ஊரும்

இவருடைய முழுப்பெயர் மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். பெயரின் முன்னெழுத்தாக நிற்கும் மானாமதுரை, வைகைக் கரையில் சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக வானம் பார்த்த பூமியைக் கடந்து வரும் இருப்புப்பாதை இவ்வூரில்தான் வந்து சேர்கிறது. மானாமதுரைக் களிமண்ணில் செய்யப்படும் கடம் கருநாடக இசைக் கலைஞர்களிடையே பெயர் பெற்றது.

சீனிவாசன் பிறந்தது மானாமதுரையில் அன்று. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூரில், வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். சித்தூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது.

இளமையும் அரசியலும்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில் மாணவர் இயக்கத்தின் வழியே பொதுவுடைமைக் கொள்கையில் ஈடுபாடு கொண்டார். பின்னர் தில்லி சென்று, நாடாளுமன்றத்தில் பொதுவுடைமைக் கட்சியின் தலைவராக விளங்கிய ஏ. கே. கோபாலனின் செயலாளராகப் பணியாற்றினார். தில்லி வாழ்க்கை இவருக்கு இரண்டு வகையில் பயன்பட்டது. இந்துஸ்தானி இசையும் வட இந்திய நாட்டுப்புற இசையும் அறிமுகமாயின. அத்துடன், 1943 இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் நாடக மன்றத்தினரின் கூட்டுப்பாடல் மரபுடன் தொடர்பு ஏற்பட்டது. வங்காளத்தில் சலில் சௌத்ரி போன்றோர் இம்மன்றத்தின் மேடைகளில் பாடித்தான் இசையமைப்பாளர்களாக உருவாயினர். பலர் சேர்ந்து ஒரே பாடலை வெவ்வேறு குரல் வரிசைகளில் பாடலாம் என்னும் எண்ணம் இந்தியப் பொதுமேடைக்குப் பரவலாக வந்தது இவர்கள் வழியாகவே.

விடுதலைப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்லுவின் மகள் சாகிதாவை சீனிவாசன் மணந்தார். 1919 இல் கிச்லுவும் சத்தியபாலும் கைது செய்யப்பட்டதை எதிர்த்துக் கூடிய மக்கள் மீதே ஜாலியன்வாலாபாக்கில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது என்பது வரலாறு.

வேறு இசையமைப்பாளரிடம் நெடுங்காலம் உதவியாளராக இருந்து மேலே வருவதே அக்காலத் திரையிசைத் துறையின் வழக்கம். சீனிவாசன் அவ்வழியில் வரவில்லை. அரசியல் மேடையிலிருந்து நேராக ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். கூடத்தின் இசையை மட்டுமன்றி அங்கு நிலவிய கூலி முறையையும் வெளியாள் ஒருவரின் கண்ணோடு அவரால் காண முடிந்ததற்கு இதுவே காரணம் எனலாம்.

பாதை தெரியுது பார்

1960 இல் வெளிவந்த பாதை தெரியுது பார் இவர் இசையமைத்த முதல் தமிழ்த் திரைப்படம். இடதுசாரி நண்பர்கள் பலர் ஒன்றுசேர்ந்து எடுத்த இப்படத்தை, சின்னமூல் என்னும் வங்காளப் படத்தை இயக்கிய பின் சென்னையில் குடியேறிய நிமாய் கோஷ் இயக்கினார். கே. விஜயன் கதைத்தலைவனாக நடித்தார். ஜெயகாந்தன், கே. சி. எஸ். அருணாசலம், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ஆகியோர் பாடல்கள் எழுதினர். பட்டுக்கோட்டையார் படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னரே, 1959 அக்டோபரில் காலமாகிவிட்டார். ஜெயகாந்தன் எழுதி பி. பி. ஸ்ரீநிவாஸ், எஸ். ஜானகி பாடிய பாடல் இன்றும் வானொலியில் கேட்கப்படுகிறது.

தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழ்ப் படங்களுக்கான தகுதிச் சான்றிதழை இப்படம் பெற்றது. ஆயினும் வணிக அளவில் வெற்றி பெறவில்லை. அதன் பின் தமிழில் சீனிவாசனுக்குக் கிடைத்த படங்கள் மிகச் சிலவே. தாகம் (1974), எடுப்பார் கைப்பிள்ளை (1975), மதன மாளிகை (1976) ஆகியவை அவற்றுள் அடங்கும். தொழிற்சங்கத் தலைவர் என்பதாலேயே தயாரிப்பாளர்கள் இவரை அழைக்கத் தயங்கினர் எனக் கருதுவோர் உண்டு.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைக்குழு

சீனிவாசனின் சங்கப் பணியை விளங்கிக்கொள்ள, அக்காலத்தில் திரைப்படத்துக்கு இசை எவ்வாறு பதிவு செய்யப்பட்டது என்பதை அறிதல் வேண்டும்.

1940களில் ஜெமினி, ஏவிஎம், மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் மாதச் சம்பளத்துக்குத் தமக்கெனச் சொந்த இசைக்குழுக்களை வைத்திருந்தன. ஜெமினியின் சந்திரலேகா (1948) போன்ற படங்களின் பேரிசை அத்தகைய நிலையான குழுக்களால் உருவானதே. 1950களில் படப்பிடிப்பு நிலையங்கள் தாமே படம் எடுப்பதைக் குறைத்து, கூடங்களை வாடகைக்கு விடலாயின. சம்பளக் குழுக்கள் கலைந்தன. அங்கிருந்த கலைஞர்கள் அன்றாடம் அழைப்பு வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை என்னும் நிலைக்கு வந்தனர்.

ஆர்க்கெஸ்ட்ரா என்று வழங்கப்பட்ட இப்பெரிய இசைக்குழுவில் பலதரப்பட்டோர் இருந்தனர். தேவாலயத்தில் இசை கற்றோர், ஆங்கிலோ இந்தியர், கோவாவிலிருந்து வந்தோர், காவல்துறை பாண்டு வாத்தியக் குழுவில் பயின்றோர் ஒருபுறம். கருநாடக இசை பயின்று, பின்னர் மேற்கத்திய இசைக்குறியீட்டையும் கற்றுக்கொண்ட வயலின், வீணை, குழல் கலைஞர்கள் மறுபுறம். சென்னை மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் இவ்வாறு பலருக்குக் குறியீட்டு முறையைக் கற்பித்தார். இளையராஜாவும் அவரிடம் பயின்றவரே.

பல தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்து பின்னர் கலக்கும் முறை அப்போது இல்லை. பாடகரும் இசைக்குழு முழுவதும் ஒரே நேரத்தில் பாடி வாசித்தனர். எந்தக் கருவி ஒலிவாங்கிக்கு அருகில், எது சுவரோரம் என்பதை ஒலிப்பதிவாளர் முன்கூட்டியே முடிவு செய்து ஆட்களை அமர்த்துவார். தபேலாவின் ஒலி வயலின்களை மூழ்கடித்தால், தபேலாக்காரரைத்தான் நகர்த்த வேண்டும். பதிவான பின் திருத்த வழியில்லை. தொடக்கத்தில் ஒலி நேரடியாகப் படச்சுருளின் மீது ஒளித்தடமாகப் பதிந்தது. அதைக் கழுவி எடுத்த பின்னரே போட்டுக் கேட்க முடியும். 1950களில் காந்த நாடா வந்த பின் உடனே கேட்கும் வசதி உண்டாயிற்று. ஆனால் ஒருவர் ஒரு சுரம் தவறினாலும் அனைவரும் மீண்டும் வாசிக்க வேண்டும் என்பது மாறவில்லை. ஐம்பதாவது வயலின் வரிசையின் கடைசியில் அமர்ந்திருப்பவரின் விரல் பிசகினால் முன்னணிப் பாடகரும் திரும்பப் பாட வேண்டும். எனவே கூடத்தில் யாரும் சிறிய கலைஞர் அல்லர். சம்பளத்தில் மட்டுமே அவ்வாறு இருந்தனர்.

பின்னணி இசைக்கு வேறொரு முறை இருந்தது. 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடங்கள். அதைத் திரையில் ஓடவிட்டு, நடத்துநர் ஒரு கண்ணால் படத்தையும் மறு கண்ணால் இசைத்தாளையும் பார்த்துக் கை அசைக்க, இசைக்குழு காட்சிக்குக் காட்சி வாசிக்கும். கதவு சாத்தப்படும் கணத்தில் இசை நிற்க வேண்டுமெனில், அது நடத்துநரின் கையையும் அறுபது பேரின் கவனத்தையும் பொறுத்ததே.

இசைக் கலைஞர் சங்கம்

இவ்வளவு வேலைக்கும் ஊதியம் உறுதியாக இல்லை. இசைக்கென ஒரு தொகையை இசையமைப்பாளரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடும் ஒப்பந்த முறை பரவலாக இருந்தது. அவர் கொடுப்பதே கூலி, கொடுக்கும் நாளே கூலிநாள். படம் நின்றுபோனால் கூலியும் நின்றுபோகும். மேலதிக நேரத்துக்குக் கணக்கில்லை.

சட்டமும் உதவவில்லை. 1957 ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கருவி வாசிப்போருக்கு எந்த உரிமையும் கூறப்படவில்லை. 1977 இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று, திரைப்படத்துக்கென இயற்றப்பட்ட இசைக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, தயாரிப்பாளரே உரிமையாளர் என்றது. அத்தீர்ப்புடன் தனிக்குறிப்பு எழுதிய நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர், பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் சட்டத்தில் இடமில்லாமை குறித்து வருத்தம் தெரிவித்தார். இயற்றியவருக்கே உரிமை இல்லையெனில், வாசித்தவருக்கு அன்றைய கூலியைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. பாடல் நாற்பது ஆண்டுகள் ஒலித்தாலும் அதில் வயலின் வாசித்தவருக்கு வருவது அந்த ஒரு நாள் பணம் மட்டுமே. ஆகவே அந்த ஒரு நாள் பணத்தை உறுதி செய்வதே சங்கத்தின் முதல் வேலையாயிற்று.

சீனிவாசன் முன்னின்று திரை இசைக் கலைஞர் சங்கத்தை உருவாக்கி, அதன் தலைவராகப் பணியாற்றினார். நிமாய் கோஷ் உள்ளிட்ட நண்பர்களுடன் சேர்ந்து, பிற தொழில்நுட்பக் கலைஞர்களின் சங்கங்கள் தோன்றவும், அவையனைத்தும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் கூட்டமைப்பாக இணையவும் உழைத்தார். குறிப்பிட்ட மணி நேரம் கொண்ட கால்ஷீட் கணக்கில் ஊதியம், நேரம் கடந்தால் கூடுதல் ஊதியம், பதிவு முடிந்ததும் அங்கேயே பணம் ஆகிய நடைமுறைகள் நிலைபெற்றன. திரைத்துறையின் பிற பிரிவினர் சம்பளப் பாக்கிக்காக அலைந்த காலத்திலும் இசைக் கலைஞர்கள் பணத்தைக் கையில் பெற்றே கூடத்தை விட்டு வெளியேறியதை, சீனிவாசன் காலத்துப் போராட்டத்தின் பயனாக மூத்த கலைஞர்கள் நினைவுகூர்வதுண்டு.

உலகின் பிற ஒலிப்பதிவு நகரங்களிலும் இதே சிக்கல் இருந்தது. பிரித்தானிய இசைக் கலைஞர் சங்கம் 1893 இலும் அமெரிக்க இசைக் கலைஞர் கூட்டமைப்பு 1896 இலும் தொடங்கப்பட்டன. இசைத்தட்டுகளால் தம் வேலை பறிபோவதை எதிர்த்து அமெரிக்கக் கலைஞர்கள் 1942 ஆகஸ்டு முதல் இரண்டாண்டுகளுக்கு மேல் பெரிய நிறுவனங்களுக்குப் பதிவு செய்ய மறுத்தனர். இலண்டனில் மூன்று மணி நேரம் ஓர் அமர்வு என்றும், இசைத்தட்டுக்கான அமர்வொன்றில் இருபது நிமிட இசைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றும் விதி வகுக்கப்பட்டது. சென்னையின் கால்ஷீட் முறையும் அடிப்படையில் இதே வகையினதே. மேலைநாட்டுக் கலைஞருக்குப் பின்னால் நகராட்சி இசைக்குழுவோ இசைப்பள்ளியோ இருந்தது. சென்னைக் கலைஞருக்குத் திரைப்படம் போனால் கல்யாணக் கச்சேரிதான்.

உறுப்பினர் அல்லாதோர் பதிவில் வாசிக்க இயலாது என்னும் நடைமுறை புதியவர்களின் வரவைத் தடுத்தது என்றும், செலவைக் கூட்டியது என்றும் சங்கத்தைக் குறை கூறியோரும் இருந்தனர். இக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதற்கு முன்பிருந்த நிலையில் கதவு திறந்திருந்ததே தவிர உள்ளே கூலி இருக்கவில்லை.

மலையாளத் திரையிசை

1961 இல் கால்பாடுகள் என்னும் படத்தின் மூலம் சீனிவாசன் மலையாளத் திரையுலகில் நுழைந்தார். அப்படத்துக்காக 1961 நவம்பர் 14 அன்று சென்னை பரணி படப்பிடிப்பு நிலையத்தில் நாராயண குருவின் செய்யுள் ஒன்றை 21 வயது இளைஞர் ஒருவர் பாடினார். அவர் கே. ஜே. யேசுதாஸ். அவர் திரைப்படத்துக்காகப் பாடிய முதல் பதிவு அதுவே.

பிரயாணம் (1975), பந்தனம் (1978), உள்கடல் (1979), ஒப்போள் (1980), யவனிகா (1982) முதலிய படங்களில் இவர் அமைத்த இசை கேரளத்தில் பெரிதும் போற்றப்பட்டது. கவிஞர் ஓ. என். வி. குறுப்புடன் சேர்ந்து உருவாக்கிய பாடல்கள் தனி இடம் பெற்றவை. கேரள மாநில விருதை இவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பெற்றார்.

அடூர் கோபாலகிருஷ்ணனின் சுயம்வரம் (1972), எலிப்பத்தாயம் (1981), முகாமுகம் (1984), அனந்தரம் (1987) ஆகியவற்றுக்கும் சீனிவாசனே இசையமைத்தார். இவற்றுள் எலிப்பத்தாயம் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் சதர்லாந்து விருதை 1982 இல் பெற்றது. இதே அடூர் தமது கொடியேற்றம் படத்தைப் பின்னணி இசையே இல்லாமல் எடுத்தவர். அத்தகைய இயக்குநரோடு பணிபுரிய, எங்கே இசை வேண்டாம் என்று அறிந்திருப்பது இன்றியமையாதது. பெரிய இசைக்குழுவினரின் வேலைக்காகப் போராடிய தலைவர், தமது படங்களில் பெரும்பாலும் சில கருவிகளையே பயன்படுத்தினார் என்பது முரணாகத் தோன்றலாம். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படங்கள் என்பது ஒரு காரணம். மெட்டின் மீது கருவிகளைக் குவிப்பதில் அவருக்கு விருப்பம் இல்லை என்பது மற்றொன்று.

சேர்ந்திசை

1970களின் தொடக்கத்தில் சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயர் என்னும் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். சென்னைக்குச் சேர்ந்திசை புதியதன்று. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேசன் 1893 முதல் இயங்கி வந்தது. ஆனால் அது மேற்கத்திய இசையைப் பாடிய குழு. பம்பாயில் சலில் சௌத்ரி 1958 இல் தொடங்கிய பாம்பே யூத் கொயரே சீனிவாசனின் முயற்சிக்கு நெருங்கிய முன்னோடி எனலாம்.

இக்குழுவில் பாடியோர் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். அலுவலகத்தில் பணியாற்றுவோரும் மாணவர்களும் மாலையில் கூடிப் பயின்றனர். பாரதியாரின் பாடல்களும் பல இந்திய மொழிப் பாடல்களும் இவர்களின் மேடைகளில் இடம்பெற்றன. இந்திய இசையில் இராகம் ஒற்றை இழையாகச் செல்வது. மேற்கத்திய இசையில் உச்சக்குரல் முதல் கீழ்க்குரல் வரை நான்கு இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும். இராகத்தில் இல்லாத சுரத்தை ஒத்திசைவுக்காகச் சேர்த்தால் இராகம் கெடும்; சேர்க்காவிட்டால் நான்கு குரல்களும் ஒன்றையே பாடும். ஒரு குரல் சுருதியாக நிற்க, மற்றொன்று எதிர்மெட்டாக விலகிச் செல்ல, இன்னொன்று அதே அடியைச் சற்றுப் பிந்தித் தொடங்க என்று பாடலுக்குப் பாடல் இச்சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. வானொலிக்கும் சேர்ந்திசை நிகழ்ச்சிகளை நடத்தினார். கேரளத்தில் பள்ளி, கல்லூரி மாணவர்களைப் பெருந்திரளாகக் கூட்டிப் பாட வைத்தார்.

குழுவினருக்குத் தனிப்பாடல் வாய்ப்பு அரிது. தம் குரல் தனித்துக் கேட்காதவாறு பாடுவதே சேர்ந்திசையின் முதற் பாடம். கூடத்தில் வயலின் வரிசையில் அமர்பவருக்கும் அதுவே பாடம்.

நடிப்பு

ஜான் ஆபிரகாம் இயக்கிய அக்கிரகாரத்தில் கழுதை (1977) படத்தில், கழுதைக் குட்டி ஒன்றை வீட்டில் வளர்க்கும் பேராசிரியராக சீனிவாசன் நடித்தார். வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதிய இப்படத்துக்கு இசையும் இவருடையதே. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை இது பெற்றது. தொழில்முறை நடிகர் அல்லாத இவரது சற்றே கூச்சமான நடிப்பு, ஊராரின் பார்வைக்கு அஞ்சும் அப்பேராசிரியருக்குப் பொருத்தமாக அமைந்தது.

மறைவு

1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவுக்குச் சென்றிருந்தபோது சீனிவாசன் காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

அவர் மறைந்த சில ஆண்டுகளில் கணினியும் பல தடப் பதிவும் சென்னைக் கூடங்களை மாற்றிவிட்டன. அறுபது பேர் ஒருங்கே அமர்ந்து வாசிக்கும் தேவை குறைந்தது. உண்மையான பேரிசைக்குழு வேண்டியபோது இசையமைப்பாளர்கள் வெளிநாடு சென்றனர். ஹே ராம் (2000) படத்துக்கும், திருவாசகம் (2005) இசைத்தொகுப்புக்கும் இளையராஜா புடாபெஸ்டு இசைக்குழுவினரைப் பயன்படுத்தினார். 1994 இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, வாசிப்போரின் உரிமை முதன்முறையாக ஏற்கப்பட்டது. 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க இயலாத பங்கை அளித்தது. ஆனால் தற்செயலாகப் பங்கேற்று, பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத கலைஞரை அத்திருத்தம் பெரும்பாலும் வெளியே நிறுத்தியது. வயலின் வரிசையின் கடைசியில் இருப்பவருக்கு இன்றும் கால்ஷீட் கணக்கே கணக்கு.

மெட்ராஸ் யூத் கொயர் சீனிவாசனின் மறைவுக்குப் பின்னும் அவருடைய மாணவர்களால் நடத்தப்பட்டு வந்தது. கேரளத்தில் அவர் பெயராலேயே எம்.பி.எஸ். யூத் கொயர் என்னும் குழு அமைந்தது.